ஏலத்தில் போன பாட்டு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள். அவளுக்குக் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்னத்தைக் கண்டேன், எறும்பு வரிசை நேராகப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். இதில் அவளும் வருகிறாள். அவளைப் பற்றிப் பேச்சு வரும்போது பேனா நின்றால் விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இது என் பேத்தியின் கதை. என் மகனுடைய மகள், ஒரே மகள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். குமரி மாவட்டத்தில் புதுக்கடை என்கிற ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பரும் வாழையுமாக இருக்கிற எங்கள் ஊர் வீட்டில் நானும் மருமகளும்தான். பேத்தி கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் மூன்று பையன்களோடு சேர்ந்து ராக் பேண்டு என்று ஒன்று ஆரம்பித்தாள். இவள்தான் அதற்கு முன்னால் நின்று பாடுகிறவள். ராக் என்றால் என்ன என்று கோயிலில், எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்சு, கேட்கிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: மூன்று பையன்கள் இடி இடிப்பார்கள், நடுவில் ஒரு பெண் நின்று மழையாகப் பெய்வாள்.

பாட்டு எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. சாயங்கால ஜெபத்தில் பாடாத வாய்க்குச் சோறு கிடையாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். எனக்குப் புத்தகம் பார்த்துப் பாட வராதே, அதனால் பக்கத்தில் நிற்கிறவளின் வாயைப் பார்த்து ஒரு சொல் பிந்திப் பாடுவேன். அப்படியே பாட்டுப் புத்தகம் முழுவதும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தப் பேத்தி குழந்தையாக என் மடியில் இருக்கும்போது எனக்கு முன்னால் அடுத்த அடியைப் பாடிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இப்போதும் அதேதான். பல் மட்டும் கூடியிருக்கிறது.

ஒரு தடவை அவர்கள் திருவனந்தபுரத்தில் பாடியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலைதான் உடுத்திருந்தேன். அங்கே வந்த பிள்ளைகள் எல்லாம் கறுப்புச் சட்டை. இருட்டில் நான் மட்டும் கொக்கு மாதிரி தெரிந்திருப்பேன். பேத்தி என் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துவிட்டுப் போனாள். முதல் அடி விழுந்ததும் நாற்காலி ஆடியது, நெஞ்சுக்கூடு ஆடியது, கையில் இருந்த சாயாவில் அலை அடித்தது. பிள்ளைகள் கையைத் தூக்கித் துள்ளினார்கள். நானும் ஒரு கையைத் தூக்கினேன். மறு கையில் சாயா. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பக்கத்தில் நின்ற பையனிடம், "அன்னா நடுவுல நிக்குதாள்லா, அது எனக்க பேத்தியாக்கும்" என்று சொன்னேன். அவன் காதிலும் பஞ்சு போலிருக்கிறது, தலையை மட்டும் ஆட்டினான்.

முடிந்து வந்ததும் வேர்த்து விறுவிறுத்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"எப்பிடி இருந்து பாட்டி?"

"கொள்ளாம் மக்களே, நல்லாருந்து. ஆகாசம் இடிஞ்சி விழுந்த மாதிரி இருந்து. என்னத்தையாக்கும் பாடுன?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கித் தந்தார்கள். டிரம் அடிக்கிற பையன் தன் பரோட்டாவைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். நல்ல பிள்ளைகள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் சண்டையை எதிர்பார்ப்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பேத்தி சொன்ன காரணம் இவ்வளவுதான்: வருஷத்துக்கு வருஷம் அவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இவள் எழுதுகிற சொல் ஒன்றும் வெளியே கேட்கவில்லை. ஒரே ஒரு பாட்டை டிரம் இல்லாமல், தனியாக ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாடட்டுமா என்று கேட்டாளாம். "அப்ப நாங்க மூணு பேரும் சாயா குடிக்கப் போகட்டா?" என்று சிரித்தார்களாம். இவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாளாம். சிரித்துவிட்டு அறைக்குப் போய்த் துணியை மடித்துப் பையில் வைத்தாளாம். இப்போது அவள் இடத்தில் வேறொரு பெண் நின்று பாடுகிறாள். அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கட்டும்.

இப்படித்தான் அவள் கிட்டாரும் பையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அது கொண்டாட்டம். காலையில் அவளுக்குப் புட்டு அவிப்பதும், மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைப்பதும், அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுமாக எனக்குப் பத்து வயது குறைந்தது. ஆனால் அவள் பாடவில்லை. ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தாள், தனியாகப் பாடுவதற்கென்று. அறையைச் சாத்திக்கொண்டு கிட்டாரை மட்டும் மெல்லத் தட்டுவாள். வாய் திறக்கும் சத்தம் வராது. ஏன் என்று கேட்டால், "பின்னால அவனுவ இருக்கும்போது தைரியமா இருந்து பாட்டி. இப்ப எனக்க சத்தம் எனக்கே கேக்குது. யாருக்கு வேணும் இந்த ஒத்தச் சத்தம்?" என்பாள்.

ஊரில் உள்ளவர்களும் சும்மா இருப்பார்களா. மீன் கொண்டுவருகிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"ஏட்டி மக்கா, பேண்டு இல்லாம பாடுனா அது பாட்டா? பயறு இல்லாத புட்டு மாதிரில்லா இருக்கும்?"

"நீங்க புட்டும் பழமும் தின்னதே இல்லியா மாமி?" என்றாள் பேத்தி.

"வாயிக்கு ஒரு கொறவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் சாளை மீனை எண்ணாமல் அள்ளிப் போட்டாள். பேத்தி அப்படிப் பதில் சொல்லிவிட்டாளே தவிர அன்றைக்குச் சாளை அவளுக்கு இறங்கவில்லை.

இப்போது மருமகள் வருகிறாள். எழுது மக்களே, எழுது. அவளுக்கு மகளைப் பற்றிக் கவலை. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. அவளுக்குத் தெரிந்தவர் மூலம் பேசி வைத்தாள். பள்ளி திறப்பதற்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லிவிட வேண்டும். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டால் அவளுடைய தனிப்பாட்டுக் கனவு முடிந்தது, அவ்வளவுதான். பேத்தியே அப்படித்தான் சொன்னாள். "ரெண்டையும் இழுத்துக்கிட்டு நடக்க எனக்குத் தெரியாதும்மா. அங்க போனா போனதுதான்."

அந்த நேரத்தில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் கை உழைப்பில் முதலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வந்து படைப்பது. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி ஏலம் விடுவார்கள். ஏத்தன் வாழைக்குலை வரும், பலாச்சக்கை வரும், கோழி வரும், ரப்பர் ஷீட் வரும். தையல்காரர் ஒரு சட்டை தைத்துக் கொண்டுவருவார், யார் அளவுக்கு என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டிலிருந்து கம்பளி வரும். நம் ஊர் வெக்கைக்குக் கம்பளி எதற்கு, ஆனாலும் அதை எடுக்க அடிபிடி நடக்கும். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே விட்டுக்கொடுப்பதும் உண்டு. அப்போது அதே கோழி மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு சேவல் அப்படிப் பல கை மாறி, கடைசியில் யார் எடுத்தார் என்றே தெரியாமல் பறந்து போய்விட்டது.

பண்டிகைக்கு முன்னால் சபைச் செயலாளர் வீடு வீடாக வந்து யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கேட்டுப் போவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் ஏத்தன் குலை என்றேன். அவர் பேத்தியைப் பார்த்தார். எங்கள் சபையில் சம்பாதிக்கிற வயது வந்தவர்களிடம் தனியாகக் கேட்பது வழக்கம்.

"மக்களுக்கு என்ன எழுதட்டு?"

அவள் அன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை. "எனக்கு இந்த வருஷம் ஒண்ணும் வெளையல மாமா. ஒரு பாட்டு உண்டு. வேணும்னா அத எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் விளையாட்டுக்குச் சொன்னது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் செயலாளருக்கு விளையாட்டுத் தெரியாது. காணிக்கை என்று வாயில் வந்துவிட்டால் காணிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில், இன்னார் வீட்டில் ஆட்டுக்குட்டி, இன்னார் வீட்டில் பலாக்கொட்டை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "நம்ம சபை மகளுக்க காணிக்கை, ஒரு பாட்டு. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காதது" என்றார். பேத்தி என் கையைப் பிடித்து நெரித்தாள். வெளியே வந்ததும் அவரை மறித்தாள்.

"மாமா, நான் சும்மா சொன்னதுல்லா. அழிச்சிருங்க."

"நேர்ந்தத திரும்ப எடுக்கப்பிடாது மக்களே."

"பாட்ட எப்பிடி மாமா ஏலம் விடுவிய?"

"ஏலத்துல எடுக்குதவனுக்க வீட்டுல போயி மொதல்ல பாடணும். அதுக்கு மின்ன யாருக்கும் பாடப்பிடாது. மொதப் பலன்லா?"

"கேக்காம எவன் எடுப்பான்?"

"கோழிய அறுத்துத் தின்னு பாத்துட்டா எடுக்குதானுவ?" என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "சரிம்மா. ஏலத்துல வரட்டு. பாட்டுக்காக ஒருத்தராவது இத வேணும்னு கேட்டா நான் தனியா பாடுவேன். ஒருத்தரும் கேக்கலன்னா பள்ளிக்கூடத்துக்குப் போறேன். பெறவு இதப் பத்திப் பேச்சே கெடையாது." மருமகள் சரி என்றாள். யாரும் கேட்கக் கூடாது என்று அவள் ஜெபம் பண்ணினாளா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்கிறாள், இதோ எழுதும்போது. நம்புகிறேன்.

பண்டிகை அன்று சித்திரை வெயில். முற்றம் நிறைய ஆட்கள். எங்கள் ஏத்தன் குலை நல்ல விலைக்குப் போனது. அதைப் பற்றி நிறையச் சொல்வேன், ஆனால் மருமகள் வேண்டாம் என்கிறாள். எல்லாம் முடிந்து கம்பளியும் போன பிறகு செயலாளர் வெறுங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா, பாட்டு! ஒரு பாட்டு! யாரு கேக்குதிய?"

யாரும் கேட்கவில்லை. வெயிலில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. பேத்தி செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். நானே கேட்டுவிடலாம் என்று வாய் திறந்தேன், அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். செயலாளர் மறுபடியும், "பாட்டு, பாட்டு" என்று கத்தினார். அப்போது வாழைக்கடைக்காரர் இரக்கப்பட்டோ என்னவோ ஒரு சின்னத் தொகை சொன்னார்.

அவ்வளவுதான், அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் அதற்கு மேல் சொன்னார்.

இந்த இரண்டு பேரையும் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி. அண்ணனுக்குப் புதுக்கடையில் வாழைக்குலைக் கடை. தம்பி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பேச்சிப்பாறை அணைப் பக்கம் மலைப் பாதையிலேயே காலத்தைக் கழித்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதிலோரம் ஒரு பிலாமரம் நின்றது. வேர் அண்ணன் பக்கம், சக்கை தம்பி பக்கம். அதில் ஆரம்பித்தது. மரம் காற்றில் விழுந்து எவ்வளவோ காலமாயிற்று, பகை மட்டும் விழாமல் நிற்கிறது. ஏலத்தில் ஒருவர் எதைக் கேட்டாலும் மற்றவர் விடமாட்டார். செயலாளருக்கு இது தெரியும், சபைக்கும் நல்லது, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஏற்றிவிட்டார். பாட்டு கோழியைத் தாண்டியது, கம்பளியைத் தாண்டியது, ஆட்டுக்குட்டியையும் தாண்டியது.

"லேய், அவரு எடுத்து என்ன செய்யப் போறாரு, காதே மந்தம்" என்று டிரைவர் யாரிடமோ சொன்னார்.

"எனக்க காது எனக்குள்ளது. நீ ஒனக்க ஹாரனக் கேட்டுக்கிட்டு கெட" என்று வாழைக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் நேராகப் பேசுவதில்லை.

கடைசியில் அண்ணனுக்கே போனது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவர் திரும்ப விட்டுக்கொடுப்பார் என்று டிரைவர் நின்று பார்த்தார். அவர் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாடு என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

பாட்டுக்கு வந்த விலையை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாட்டி, இது கணக்குலயே வராது. அவியளுக்குப் பாட்டா வேணும்? ஒரு கல்ல வச்சிருந்தாலும் ரெண்டு பேரும் இப்பிடித்தான் எடுத்திருப்பாவ."

"கல்லு போன வருஷம் வச்சாவ மக்களே. அம்மிக்கல்லு. அதுக்கும் இப்பிடித்தான்."

அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டாள். நான் எதற்கு அந்த அம்மியை ஞாபகப்படுத்தினேனோ.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். முற்றத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். முற்றத்தில் ஒன்றும் இல்லை. வாழைக்கடைக்காரர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். பிறகு ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக் கொக்கி மாட்டினார்.

"எதுக்கு மாமா சன்னல அடைக்கிய? வெந்து போவோம்" என்றாள் பேத்தி.

"நான் பைசா குடுத்து எடுத்த பாட்டுல்லா? அந்தப் பய ஓசியில மதிலுக்கு அந்தால நின்னு கேட்டுரப்பிடாது. நீ பைய பாடு மக்களே. ரொம்பப் பைய. ஒரு சொல்லு வெளிய போவப்பிடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, சேலையால் வாயை மூடிக்கொண்டேன். ஊரையே ஆட்டிவைத்த பாட்டுக்காரியிடம் சத்தம் வெளியே போகாமல் பாடச் சொல்கிற ஆளை எங்கே போய்ப் பார்ப்பது. பேத்தி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, மிக மெல்ல ஆரம்பித்தாள்.

கடைசி வண்டி மலையேறுது, காத்தும் கூட ஏறுது,
ஒத்தைப் பொம்பள உறங்குறா, ஊரெல்லாம் பின்னால ஓடுது.

அதுதான் நான் அவள் பாட்டில் முதன்முதலில் கேட்ட சொற்கள். பேச்சிப்பாறைக்குப் போகிற கடைசி பஸ், அதில் ஒரே ஒரு பெண், இறங்குகிற இடம் தாண்டியும் உறங்குகிறாள், வண்டி ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்க்கிறார், எழுப்பவா வேண்டாமா என்று யோசிக்கிறார். இவ்வளவும் எனக்கு விளங்கியது, பக்கத்தில் நிற்கிறவளின் வாயைப் பார்க்காமலேயே.

ஆனால் வாழைக்கடைக்காரர் கேட்டாரா? அவர் சன்னலண்டை நின்று இடுக்கு வழியாக மதிலைக் காவல் பார்த்துக்கொண்டு இருந்தார். பாதிப் பாட்டில், "அன்னா, மதிலுக்க மேல ஒரு தல தெரியுது" என்றார். தலை இல்லை, தேங்காய் மட்டை. அவருடைய மனைவிக்கு வெக்கை தாங்கவில்லை. முந்தானையால் வீசிக்கொண்டே எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே ஒரு சன்னல் கிரீச்சென்று திறந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவள் கணவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆடு மேய வந்து சன்னலுக்குள் தலையை விட்டதால் அவள் திரும்ப அடைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. "கொள்ளாம், கொள்ளாம்" என்றார் வாழைக்கடைக்காரர். "ஒரு சொல்லு வெளிய போவல. பாத்தியா?" சாயாவும் வட்டயப்பமும் தந்தார்கள். வட்டயப்பம் பஞ்சு மாதிரி இருந்தது, கள்ளு விட்டுப் புளிக்க வைத்தது, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள். நான் இரண்டு தின்றேன். பேத்தி தொடவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அவரு பாட்டு கேக்கல பாட்டி. காவல் நின்னாரு."

"நான் கேட்டேம்லா."

"நீங்க நான் தும்முனாலும் கொள்ளாம்னு சொல்லுவிய."

அது உண்மை. வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம், "திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு வாறேன்னு சொல்லிரும்மா" என்றாள். கிட்டாரை உறைக்குள் போட்டு, உறையின் ஜிப்பை மேலே வரைக்கும் இழுத்து மூடி, அலமாரிக்கு மேல் வைத்தாள். மருமகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இரவில் சரியாகச் சாப்பிடவில்லை. பேனா நிற்கிறது. நிற்கட்டும், நான் காத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டிரைவர் ஆண்கள் பக்கமிருந்து திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார். சண்டைக்குத்தான் பார்க்கிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை மருமகள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். பள்ளிக்கூட ஆபீஸ் திறக்கட்டும் என்று காத்துக்கொண்டு இருந்தாள். அப்போது முற்றத்தில் யாரோ செருமினார்கள். டிரைவர். அண்ணன் வீட்டு வாசலைக் கடக்கக் கூடாது என்று வாழைத்தோப்பைச் சுற்றி வந்திருக்கிறார், வேட்டியெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ஒங்க பேத்தி இருக்காளா?"

பேத்தி வெளியே வந்தாள். அவர் அவளைப் பார்த்து, போலீஸ் விசாரணை மாதிரி கேட்டார்.

"அந்தப் பொம்பிள எங்க எறங்குனா?"

"எந்தப் பொம்பிள மாமா?"

"அதாம்ட்டி, ஒனக்க பாட்டுல. பஸ்சுல ஒறங்குனாள்லா. நான் பசுவுக்குப் புல்லு போட நின்னேன். மதிலுக்கு அந்தால அடுக்களச் சன்னல் வழியா கேட்டு. டிரைவர் கண்ணாடியில பாக்குதான். எழுப்பவா வேண்டாமான்னு நெனைக்குதான். அப்பம்னு பாத்து அந்தச் சன்னல அடச்சிப் போட்டாவ. ரெண்டு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. எழுப்புனானா, இல்லியா?"

பேத்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்களுக்கு எல்லாச் சொல்லும் கேட்டுதா மாமா?"

"கேட்டுது, கேட்டுது. நீ பையத்தான் பாடுன. ஆனா சொல்லு ஒண்ணொண்ணும் தெளிவால்லா இருந்து. அத விடு. எழுப்புனானா?"

"ஏலத்துல அத எடுத்தது ஒங்க அண்ணன்லா. அவியகிட்ட கேளுங்க" என்று நான் சும்மா சீண்டினேன்.

"அவருகிட்ட கேக்குததுக்கு நான் நேர பேச்சிப்பாறைக்கே போயி கேட்டுட்டு வந்துருவேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, வெளையாடாதிய. நான் எத்தனயோ கடைசி வண்டி ஓட்டிருக்கேன். இத ஒருத்தரும் எங்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல, சொன்னதும் இல்ல" என்றார்.

பேத்தி, "சொல்ல மாட்டேன் மாமா. பாடுதேன், கேளுங்க" என்றாள். அலமாரிக்கு மேலிருந்து கிட்டாரை எடுக்க அவளுக்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை, எக்கி இழுத்துவிட்டாள். அவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். கல் ஈரமாக இருந்தது, நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அவள் முற்றத்தில் நின்றபடியே முதலிலிருந்து பாடினாள். இந்தத் தடவை பையப் பாடவில்லை. கத்தவும் இல்லை. பேசுகிற மாதிரி, ஆனால் பேச்சு இல்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாட்டில் வருகிற டிரைவர் எழுப்பவில்லை, கேட்டீர்களா. அணைக்கட்டுக்குப் போய் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, தானும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து உறங்கிவிடுகிறார். விடிகிறது. தண்ணீருக்கு மேல் வெளிச்சம் வருகிறது. அந்தப் பெண் முதலில் முழிக்கிறாள், இறங்கி முகம் கழுவுகிறாள், பிறகு வந்து அவரைத் தட்டி எழுப்புகிறாள். அதோடு பாட்டு முடிகிறது.

கல்லில் இருந்த டிரைவர் வேட்டியில் ஒட்டியிருந்த ஒரு நாயுருவியைப் பிய்த்துப் போட்டார். பிறகு சிரித்தார்.

"அப்ப சரி. அவனயும் ஒருத்தி எழுப்புனாள்லா. இத்தன காலம் ஓட்டுனேன், என்ன ஒருத்தரும் எழுப்புனதில்ல." எழுந்து வேட்டியின் ஈரத்தை உதறினார். போகிறவர் போல் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினார். "வேற பாட்டு இருக்கா?"

"இருக்கு மாமா" என்றாள் பேத்தி.

வேறு பாட்டு கிடையாது. எனக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அப்பம் அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் வாழைத்தோப்பைச் சுற்றிக்கொண்டு போனார்.

மருமகள் கையில் போன் அப்படியே இருந்தது. பேத்தி அவளைப் பார்த்தாள். அவள் மகளைப் பார்த்தாள். பேத்தி, "அம்மா..." என்று ஆரம்பித்தாள். "ஒண்ணும் பறைய வேண்டாம். நானும் கேட்டேன்" என்றாள் மருமகள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, மன்னிக்கணும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். பேசும்போது குரல் ஒரு இடத்தில் உடைந்தது. இல்லை என்கிறாள். உடைந்தது, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த வாரம் பேத்தி இன்னொரு பாட்டு எழுதினாள். எழுதித்தானே ஆக வேண்டும், ஆள் வருவாரே. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இப்போது பை நிறையப் பாட்டு உண்டு. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கொச்சிக்குப் போகிறாள், பெங்களூருக்குப் போகிறாள், சின்னச் சின்ன அரங்கில் பாடுகிறாள், பாடுவதைப் போனில் பிடித்து எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு தடவை அந்த டிரம் பையனும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டானாம். என்ன சொன்னான் என்று கேட்டேன். "சாயா குடிக்கப் போவலன்னு சொன்னான் பாட்டி" என்றாள்.

ஆனால் ஊரில் இருக்கும்போது புதுப் பாட்டு எதுவும் முதலில் எங்கள் முற்றத்தில்தான். டிரைவர் புதன்கிழமை வருவார். இது அவர் அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அடுக்களைச் சன்னல் திறந்த கையே சொல்லியிருக்கும். ஒரு நாள் புதுக்கடையில் அவர் கடைக்குப் பழம் வாங்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் ஏலத்துல எடுத்த பாட்ட அவனுக்கு எப்பிடிப் பாடலாம்?"

"நீங்க எடுத்தது மொதப் பலன்லா. ரெண்டாவது வெளஞ்சது யாருக்கும் உள்ளது."

அவர் பழத்தைப் பொதிந்துகொண்டே இருந்தார். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "அந்தப் பொம்பிள எங்கயாக்கும் எறங்குனா?" என்று கேட்டார்.

அதனால் இப்போது அவர் வியாழக்கிழமை வருகிறார். புதன்கிழமை தம்பிக்குப் பாடிய அதே பாட்டை வியாழக்கிழமை அண்ணனுக்கு முதலிலிருந்து பாட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால் என்ன என்று மருமகள் புலம்புவாள், சாயா போடுகிறவள் அவள்தானே. பேத்திக்கு அதில் ஒரு சலிப்பும் இல்லை. நேற்று அண்ணன் போன பிறகு கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குப் பேருதான் டூரு பாட்டி. ஒரே பாட்டு, வேற வேற ஊரு" என்றாள். நான் துவைக்கிற கல்லின்மேல் ஒரு பலகையைக் கொண்டு போட்டேன், யாரும் நனைய வேண்டாம் என்று.